கம்ப்ரஷன் போனால் ரிங்தானா? முதலில் வால்வைப் பாருங்கள்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை. 45-ஆம் நாள், விழுது இறங்கும் பருவம். இலவச மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பம். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது அப்பா காலத்தில் வாங்கிய 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். இரண்டு மாதத்துக்கு முன் ஹெட் கேஸ்கட் போய், புதிது மாற்றியிருக்கிறார்கள். மூன்று வாரமாகக் காலையில் கிளம்ப மறுக்கிறது. இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுற்றினால் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு ஓடுகிறது. ஓடினாலும் தண்ணீர் பழையபடி விழவில்லை. ஹேண்டிலைச் சுற்றும்போது சைலன்சர் பக்கம் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வருகிறது. மெக்கானிக் வந்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கம்ப்ரஷன் இல்லை, போர் போயிடுச்சு. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்தணும், 18,000 ஆகும்” என்று சொல்லிவிட்டாராம். சங்கத்தில் நகையை வைத்து வேலையை ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு நகை வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு முற்பகல் செலவழித்துச் சில சோதனைகளைச் செய்துவிட்டு முடிவெடுக்கலாம். கடிதத்தில் இருக்கும் அடையாளங்களைப் பார்த்தால், போர் தேய்ந்திருப்பதைவிட வெளிப்போக்கு வால்வு சரியாக மூடாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நசுக்கும்போது அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியாக டீசல் தூறலாக விழுந்ததும் தானாகப் பற்றிக்கொள்கிறது. நசுங்கும் காற்று எங்காவது கசிந்தால் சூடு போதாது. டீசல் எரியாமல் ஆவியாக வெளியே வரும். காலையில் வரும் வெள்ளைப் புகை அதுதான். போர் தேய்ந்து ஆயில் எரிந்தால் புகை நீலம் கலந்து வரும், ஆயிலும் குறையும். ஆயில் குறைவதாக ஆலங்குடி வாசகர் எழுதவில்லை.

“கம்ப்ரஷன் இல்லை” என்பது “கடலை இலை மஞ்சளாகிறது” என்று சொல்வதைப் போன்றது. இரும்புச்சத்துக் குறையா, தழைச்சத்துக் குறையா, வேரில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்காமல் யூரியா மூட்டையைத் தூக்குவதில்லை. எஞ்சினுக்கும் அப்படித்தான். நசுங்கிய காற்று தப்பிக்க ஐந்து வழிகள் உண்டு: உறிஞ்சும் வால்வு, வெளிப்போக்கு வால்வு, பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கட், நாசில் உட்காரும் இடம். எந்த வழி என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. காது போதும், கூட ஓர் ஆள் வேண்டும்.

தொடங்கும் முன் டீசல் பம்பை நிறுத்தும் நிலையில் தள்ளிவிட வேண்டும். சோதனையின் நடுவே எஞ்சின் கிளம்பிவிட்டால் கை போய்விடும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும்போது கட்டைவிரல் முறியும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி எதுவும் ஃப்ளைவீல் பக்கம் இருக்கக் கூடாது. பழகிய கைகள்தான் இதில் அசட்டையாக இருக்கின்றன.

ஏர் கிளீனரையும் சைலன்சரையும் கழற்றி வைத்துவிடலாம். டீகம்ப்ரஷன் லீவரைப் போட்டபடி நாலைந்து சுற்று சுற்றி, பிறகு லீவரை விட்டுவிட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே ஏறும் இடத்தில் ஹேண்டில் எதிர்க்கும். நல்ல எஞ்சினில் அந்த எதிர்ப்பு ஸ்பிரிங் மாதிரி இருக்கும். அழுத்திப் பிடித்தால் சில நொடிகள் நிற்கும், விட்டால் ஃப்ளைவீல் பின்னால் ஆடும். கசியும் எஞ்சினில் அது பொத்தென்று அமுங்கிப்போகும். ஒருவர் இப்படி அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோக வேண்டும். காற்று உள்ளே போகும் துவாரத்தில் சீறினால் உறிஞ்சும் வால்வு. சைலன்சர் கழற்றிய துவாரத்தில் சீறினால் வெளிப்போக்கு வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அங்கே சீறினால் ரிங். மேலே தண்ணீர் வெளியேறும் குழாயைக் கழற்றி, ஜாக்கெட்டில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிப் பார்த்தால், கேஸ்கட் போயிருந்தாலோ ஹெட் விரிசல் விட்டிருந்தாலோ குமிழி வரும். நாசிலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால் அங்கே கசிவது நுரையாகத் தெரிந்துவிடும். அப்படியென்றால் அடியில் இருக்கும் செப்பு வாஷரை மாற்றினால் போதும்.

ஆயில் மூடியில் லேசான சீறல் நல்ல எஞ்சினிலும் கேட்கும். மெதுவாகச் சுற்றும்போது ரிங் இடைவெளி வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கத்தான் செய்யும். இரண்டு வால்வுத் துவாரங்களும் அமைதியாக இருந்து, ஆயில் மூடியில் மட்டும் பலமாக ஊதினால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பிரீத்தர் வழியாகப் புகை குபுகுபுவென்று வருவதும் அதற்குத் துணைச் சாட்சி.

சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்ப்பது பட்டறைகளில் வழக்கம். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்வதால், கம்ப்ரஷன் திரும்பி வந்தால் தேய்மானம் ரிங்கில். மாறாமல் இருந்தால் வால்வில். பெட்ரோல் எஞ்சினுக்கு இது அருமையான சோதனை. டீசல் எஞ்சினில் அவ்வளவு நம்ப முடியாது. பிஸ்டன் தலையில் இருக்கும் குழி பாதி ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே இடமும் மிகக் குறைவு; தாராளமாக ஊற்றிவிட்டு வேகமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். செய்வதென்றால் நாசிலைக் கழற்றி ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். லீவரைப் போட்டுப் பத்துச் சுற்று சுற்றிவிட்டுப் பிறகே பார்க்க வேண்டும்.

ஆலங்குடி எஞ்சினில் சத்தம் சைலன்சர் பக்கம் வருகிறது, அதுவும் கேஸ்கட் மாற்றிய பிறகு வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதுக் கேஸ்கட் போட்டால் எஞ்சின் சில மணி நேரம் ஓடிய பின் ஹெட் நட்டுகளை வரிசைப்படி மீண்டும் முறுக்குவது வழக்கம். முறுக்கினால் கேஸ்கட் அமுங்கி ஹெட் மயிரிழை அளவு கீழே இறங்கும். புஷ்ராடின் நீளம் மாறாது. ஆகவே ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இருந்த டேப்பட் இடைவெளி குறைந்துவிடும். அதை மறுபடி சரிசெய்யாமல் விட்டால், எஞ்சின் சூடாகி வால்வுத் தண்டு நீளும்போது இடைவெளி அறவே இல்லாமல் போய், வால்வு முழுதாக உட்காராது. வெளிப்போக்கு வால்வுதான் முதலில் கெடும். எரிந்த வாயுவின் சூடு முழுவதும் அதன் மேல்தான். அந்தச் சூடு இறங்குவது பெரும்பாலும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். உட்காராத வால்வு சூடு இறங்க வழியில்லாமல் விளிம்பில் கருகிப்போகும்.

டேப்பட் பார்க்க எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஃப்ளைவீல் குறியை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு புஷ்ராடுகளும் விரலில் சுழலும் நிலையில் நிறுத்தினால் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஃபீலர் கேஜ் தகடு லேசான இழுப்போடு போய்வர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். இறுக்கும்போது அளவு நகர்வது சாதாரணம். அளவு எவ்வளவு என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். 650 சுற்றில் ஓடும் பழைய லிஸ்டர் எஞ்சினுக்கு 0.43 மி.மீ. 1,500 சுற்று எஞ்சின்களில் அதில் பாதி அளவே கேட்கும் மாடல்கள் உண்டு. கையேடோ, அதே மாடலுக்கு உதிரிபாகம் விற்கும் கடையோ சொல்லும் அளவையே வைக்க வேண்டும். ஃபீலர் கேஜ் கையில் இல்லையென்று ஹேக்ஸா பிளேடைச் செருகி அளவு வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த பிளேடின் தடிமன் 0.6 மி.மீ. அவ்வளவு இடைவெளி வைத்தால் வால்வு தாமதமாகத் திறந்து, சீக்கிரம் மூடி, ‘டிக் டிக்’ என்று தட்டிக்கொண்டு ஓடும், இழுவை குறையும். ஒரு செட் ஃபீலர் கேஜ் வீட்டில் இருப்பது மண்வெட்டி இருப்பது போலத்தான்.

டீகம்ப்ரஷன் லீவரையும் மறக்க வேண்டாம். ஹெட்டைக் கழற்றி மாட்டியபின் அந்த லீவரின் திருகு கூடுதலாக இறுகியிருந்தால், லீவரை விட்ட பிறகும் அது வால்வை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். வால்வு, ரிங் எல்லாம் நன்றாக இருந்தும் கம்ப்ரஷன் வராது. லீவர் கீழே இருக்கும்போது அதற்கும் ராக்கருக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் தெரிய வேண்டும்.

இதெல்லாம் சரிசெய்தும் சைலன்சர் பக்கச் சீறல் நிற்கவில்லையென்றால், மூன்று வாரம் உட்காராமல் ஓடிய வால்வின் விளிம்பு கருகியிருக்கும். அப்போது ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றிய ஹெட்டில் வால்வுகளை எடுக்கும் முன், பக்கத்துத் துவாரத்தில் டீசலை ஊற்றிச் சற்று வைத்தால், மூடாத வால்வின் அடியில் சொட்டும். மெக்கானிக்கும் விவசாயியும் ஒன்றாக நின்று பார்க்க வேண்டிய இடம் இது. வால்வை கிரைண்டிங் பேஸ்ட் தடவி, முதலில் கரடு பேஸ்ட், பிறகு மென் பேஸ்ட் என்று, முன்னும் பின்னுமாகத் திருப்பி, நடுநடுவே தூக்கி இடம் மாற்றி அரைக்க வேண்டும். வால்விலும் சீட்டிலும் அறுந்துபோகாத, மங்கலான சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். பென்சிலால் வால்வு முகத்தில் குறுக்குக் கோடுகள் போட்டு, சீட்டில் வைத்துக் கால் சுற்று திருப்பினால் எல்லாக் கோடும் அழிய வேண்டும். ஒரு பக்கம் கோடு அழியாமல் நின்றால் அந்தப் பக்கம் காற்று போகும். வேலை முடிந்ததும் பேஸ்ட்டை மண்ணெண்ணெயில் துளி விடாமல் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் அது சிலிண்டருக்குள் போய், தேயாத லைனரையும் தேய்த்துவிடும்.

வால்வு விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருந்தால் அரைப்பதில் பயனில்லை, புதிது போட வேண்டும். வால்வுத் தண்டு கைடில் லொடலொட என்று ஆடினால் கைடையும் சேர்த்து மாற்ற வேண்டும். தளர்ந்த கைடில் புது வால்வு நேராக உட்காராது. அரைத்து அரைத்து வால்வு ஹெட்டுக்குள் ஆழமாக இறங்கியிருந்தால் பட்டறையில் புது சீட் வளையம் போடச் சொல்ல வேண்டும்.

மெக்கானிக் சொன்னதுதான் சரியாக இருந்தால்? ஹெட் கழற்றும்போது அதையும் கண்ணால் பார்த்துவிடலாம். பிஸ்டனை எடுக்கும் நிலை வந்தால், ஒரு ரிங்கை லைனரின் அடிப்பகுதியில், பிஸ்டன் உரசாத இடத்தில் நேராக வைத்து, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். அதே ரிங்கை மேல்பகுதியில், படிபோலத் தட்டுப்படும் விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் லைனரின் குறுக்களவு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஏறக்குறையத் தெரியும். கீழே 0.6, மேலே 1.2 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.6, தேய்மானம் 0.2 மி.மீ. அந்த அளவுக்குத் தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போடுவது வீண். மேல் விளிம்புப் படியில் தட்டி ரிங்கே உடையலாம். வித்தியாசம் மிகச் சிறிதாக இருந்தால் ரிங் மட்டும் மாற்றினால் போதும். லைனரையும் பிஸ்டனையும் மாற்றுவதா வேண்டாமா என்பதை மெக்கானிக்குடன் சேர்ந்து இந்த அளவை வைத்துத்தான் பேச வேண்டும். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

லைனர் சீக்கிரம் தேய்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் இல்லாமல் ஓட்டுவது. களத்துப் புழுதி நேரே உள்ளே போகிறது. மற்றது, கிணற்றுத் தண்ணீரை அப்படியே முழு வேகத்தில் ஜாக்கெட்டுக்குள் விடுவது. எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் கரி படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும், தேய்மானம் கூடும். வெளியேறும் தண்ணீரில் கை வைத்தால் சில நொடிதான் பொறுக்க முடியும் என்கிற சூடு வருமளவுக்கு வால்வைத் திருகிக் குறைத்து வைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் விழுவதைப் பார்த்து “எஞ்சின் ஜில்லுனு ஓடுது” என்று மகிழ்வது தவறான மகிழ்ச்சி.

வேலை முடியும் வரை கடலையைக் காய விட வேண்டாம். விழுது இறங்க மேல்மண் இளக்கமாக இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து எஞ்சினை வாடகைக்குப் பிடித்தாவது ஒரு தண்ணீர் கட்டிவிட வேண்டும். இந்த வாரத் தண்ணீர் போனால் பிறகு எவ்வளவு இறைத்தாலும் காய் கூடாது.

அடுத்த கடிதம் நாமக்கல் மாவட்டத்திலிருந்து. தாத்தா வைத்திருந்த பெட்ரோல் அம்பாசடர், 1,489 சி.சி. எஞ்சின். கொட்டகையில் நின்றதைப் பேரன் எடுத்து ஓட்டுகிறார். சும்மா நிற்கும்போது உதறுகிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது. கார்புரேட்டரை மூன்று முறை கழுவியும் பயனில்லை என்கிறார்.

நாலு சிலிண்டர் எஞ்சினில் எது வேலை செய்யவில்லை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது, ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால், எதைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ அதுதான் செத்த சிலிண்டர். பிறகு நாலு பிளக்கையும் எடுத்துவிட்டு, காயில் வயரைக் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி, கம்ப்ரஷன் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். எண் எவ்வளவு வருகிறது என்பதைவிட, நாலுக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம். அதிகமாகக் காட்டும் சிலிண்டரில் முக்கால் பங்குக்குக் கீழே எது காட்டுகிறதோ அதைச் சந்தேகிக்கலாம். அதில் ஒரு மேஜைக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து, ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தாற்போல் குறைந்து, ஆயிலுக்கும் ஏறவில்லையென்றால், அவற்றின் நடுவே கேஸ்கட் போயிருக்கும். இந்த எஞ்சினில் அந்த இரண்டுக்கும் வெளிப்போக்கு வழி ஒன்றுதான். சூடு அங்கே குவிகிறது. பெட்ரோல் வண்டிக் கேஜை ஆயில் எஞ்சினில் மாட்டிப் பார்க்கக் கூடாது. டீசலின் அழுத்தம் பல மடங்கு அதிகம், கேஜ் தாங்காது.

டேப்பட் வைக்க ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. முன்னாலிருந்து எண்ணி, 1-ஆம் வால்வு முழுக்க அழுந்தியிருக்கும்போது 8-ஐச் சரிசெய்ய வேண்டும். 3 அழுந்தும்போது 6, 5 அழுந்தும்போது 4, இப்படி. கூட்டினால் எப்போதும் 9.

இந்த வயதுக் கார்களில் இன்னொன்றும் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றது. அந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தை போல இருந்தது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட்டைக் கடைந்திருக்கும் பழைய எஞ்சின்களில், இப்போது வெளிப்போக்கு வால்வு சீட்டுக்குள் மெல்லமெல்லப் புதைகிறது. புதையும்போது டேப்பட் இடைவெளி சத்தமில்லாமல் குறையும். தட்டும் டேப்பட்டைவிட, திடீரென்று அமைதியான டேப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். ஹெட்டைக் கழற்றும் வேலை வரும்போது கடினமான சீட் வளையம் போட்டுவிடலாம். அதுவரை டேப்பட்டை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழைக்காலம் முழுதும் எஞ்சினை ஓட்டாமல் வைப்பவர்களுக்கு என்ன ஆலோசனை என்று மணப்பாறை வாசகர் கேட்டிருக்கிறார். கடைசியாக நிறுத்தியபின், ஹேண்டிலை மெதுவாகச் சுற்றி, எதிர்ப்பு வரும் இடத்தில் விட்டுவிட வேண்டும். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக்காற்று உள்ளே போய் சீட் துருப்பிடிக்காது. சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைக்கலாம். மறுபடி கிளப்பும்போது டப்பாவை எடுக்க மறக்கக் கூடாது.